இருபத்தொன்பது டிகிரியும் ஒரு கையெழுத்தும்

எங்கள் பணியாளர் சங்கம் போடும் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று, என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ‘தரவு மையங்களில் மின்சாரச் சிக்கனம்’ என்பது தலைப்பாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் செயற்கை நுண்ணறிவுக்காக யாரோ பெரிய மையம் ஒன்று கட்டப்போகிறார்கள், அதை ஒட்டி மலர். கையில் அந்த மையத்தின் வண்ணத் தாளும் இருந்தது. அட்டையில் ஒரு காற்றாலை, ஒரு பச்சை இலை, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண். இருபது வருடம் கம்ப்யூட்டர் அறையில் நின்றிருக்கிறேன். அதைப் பார்த்துச் சிரித்த ஒருவரையும் கண்டதில்லை.

“யாரையும் திட்டி எழுதாதிய அக்கா” என்று வாசலிலேயே எச்சரிக்கையும் செய்தார்கள். திட்டாமல் எழுத வேண்டுமென்றால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இந்தத் திட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் லில்லி புஷ்பம். மார்த்தாண்டத்துக்காரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. முதல் வேலை குளச்சலில் ஒரு ஐஸ் பிளான்டில், அடுத்தது ஒரு ஆஸ்பத்திரியின் ஏசி பிளான்டில். ஐஸ் பிளான்டில் அமோனியா நாற்றத்தோடு ஒரே ஒரு பாடம் கற்றேன். குளிரை யாரும் உண்டாக்குவதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து அள்ளி வேறிடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான். கொட்டிய சூடு திரும்பி உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு வந்த பயிற்சி வகுப்புகளில் இதையே முந்நூறு படங்களாகப் போட்டுக் காட்டினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

நான் ஓய்வு பெற்ற இடம் நாகர்கோவில் பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு தனியார் தரவு மையம். பெயர் வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பெரிய ஹாலில் வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் கம்ப்யூட்டர்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, நகைக்கடை என்று பலருடைய கம்ப்யூட்டர்கள் அங்கே வாடகைக்குக் குடியிருந்தன. அவற்றுக்குக் கரண்டும் குளிரும் குறையாமல் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

தினமும் காலை ஒன்பதுக்கு இரண்டு மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஒன்று கட்டடத்துக்குள் வரும் மொத்தக் கரண்டுக்கு. மற்றது அதில் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேரும் கரண்டுக்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு எண் வரும். ஒன்றுக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. கால்வாயில் விட்ட தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு போனது, வழியில் எவ்வளவு வடிந்தது என்று பார்ப்பது போலத்தான். எண்ணில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வயலுக்குப் போன தண்ணீரில் எவ்வளவு பயிருக்கு, எவ்வளவு கோரைப்புல்லுக்கு என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது மனிதர்கள். எங்களுக்குக் கிடைத்த மனிதர் ராஜசேகர் சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். வளைகுடாவில் பத்து வருடம் இருந்துவிட்டு எங்கள் மேலாளராக வந்தவர். கோபப்படமாட்டார். குரல் உயராது. எல்லாரையும் ‘மேடம்’, ‘சார்’ என்றுதான் அழைப்பார். கூட்டிப் பெருக்க வரும் அம்மாவையும் மேடம் என்பார். கம்ப்யூட்டர் ஹாலுக்குள் மட்டும் வரமாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, மிருகக்காட்சி சாலையில் புலியைப் பார்ப்பது போல எங்களைப் பார்ப்பார்.

அவருடைய பெரிய வித்தை வேறு. ‘செய்யுங்கள்’ என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். ‘செய்தால் நன்றாக இருக்குமே’ என்பார். எங்களிடம் மாற்றப் படிவம் என்று ஒரு தாள் உண்டு. எந்த அமைப்பை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இருந்த நான்கு வருடத்தில் அந்தத் தாளில் அவருடைய கையெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நாங்களே நன்றாக இருக்குமே என்று நினைத்துச் செய்தவை. நல்லது நடந்தால் வரவேற்பறையில் அவர் படம், கெட்டது நடந்தால் கோப்பில் என் கையெழுத்து.

அவர் வந்ததும் செய்த முதல் காரியம், வரவேற்பறையில் ஒரு பெரிய திரை மாட்டி அந்த எண்ணை அதில் ஓடவிட்டது. சுற்றிலும் பச்சை இலைகள். எண் குறைந்தால் இலைகள் அசையும். வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, தூரத்து ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளையும் காட்டுவார். காற்றாலைக் கம்பி நேராக எங்கள் கட்டடத்துக்கு வருகிறது என்று அவர் சொன்னதில்லை. வருகிறவர்கள் அப்படி நினைத்தால் மறுத்ததும் இல்லை.

ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். ஹாலை இருபத்திரண்டு டிகிரியில் வைத்திருக்கிறோமே, இருபத்தொன்பது ஆக்கினால் ஏசிக்குக் கரண்டு குறையுமே, உலகமெல்லாம் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். உலகத்தில் செய்கிறார்கள், உண்மைதான். புதிய கம்ப்யூட்டர்கள், சூட்டுக்காற்றும் குளிர்காற்றும் கலக்காதபடி கட்டிய ஹால், இவை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். எங்களுடையவை பழையவை; எங்கள் ஹாலில் சூடு அலமாரிக்கு மேலே ஏறி முன்பக்கம் திரும்பி வந்துவிடும். முதலில் அதை அடைப்போம், பிறகு டிகிரி டிகிரியாக ஏற்றிப் பார்ப்போம் என்றேன். “நல்ல யோசனைதான் மேடம். ஆனா இப்பவே ஏத்தினா நல்லா இருக்குமே” என்றார். ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி இருந்தது. படிவத்தை எடுத்தேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

எண் இறங்கியது. இலைகள் அசைந்தன. கேக் வெட்டினார்கள்.

ஹாலுக்குள் போன எனக்கு மட்டும் காது அடைத்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் குட்டி விசிறிகள் உண்டு. காற்று சூடானால் அவை வேகமெடுக்கும். வேகம் இரட்டித்தால் தின்னும் கரண்டு எட்டு மடங்காகும். அந்தக் கரண்டு யார் கணக்கில் போகும்? கம்ப்யூட்டர் கணக்கில். ஏசி குறைந்தது, கம்ப்யூட்டர் கணக்கு கூடியது, வகுத்தால் எண் அழகாக இருந்தது. மொத்த மீட்டரைப் பார்த்தேன். முன்பைவிட அதிகமாக ஓடியது. அதாவது, நாங்கள் கூடுதலாகக் கரண்டைச் செலவழித்துச் சிக்கனக்காரர் என்று பெயர் வாங்கினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். மறைத்த இடத்தில் விளக்குப் போட்டுக் காட்டியதை அங்கேதான் பார்த்தேன்.

இதைச் சொன்னபோது ராஜசேகர் சார், “மொத்தம் மழை, வெயில் எல்லாத்தையும் பொறுத்தது மேடம்” என்றார்.

இன்னொன்றும் உண்டு. ஹாலில் பத்தொன்பது கம்ப்யூட்டர்கள் யாருக்காக ஓடுகின்றன என்று யாருக்கும் தெரியாது. ஒன்றில் ஒரு கல்யாணத் தகவல் இணையதளம் இருந்தது; அதன் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு கத்தாருக்குப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. வரன் தேடி யாரும் வராத அந்தத் தளம் இருபத்துநான்கு மணி நேரமும் குளிர் வாங்கிக்கொண்டு நின்றது. சும்மா நிற்கும் கம்ப்யூட்டரும் கரண்டு குடிக்கும். அணைத்துவிடலாமா என்று கேட்டேன். அணைத்தால் கம்ப்யூட்டர் கணக்கு குறைந்து எண் ஏறிவிடும் என்று தடுத்துவிட்டார். உண்மையாகச் சிக்கனம் பண்ணினால் சிக்கன எண் கெட்டுப்போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே புரிந்து வைத்திருந்தார்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் வருவதுதான் என்னை உறுத்துவது.

அந்த ஹாலின் கடைசி அலமாரியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரு கல்லூரியின் கடல் ஆய்வுக் குழுவுக்குச் சொந்தம். நம் கடற்கரையில் மறுநாள் எந்த ஊரில் அலை எவ்வளவு எழும் என்று தினமும் கணக்குப் போடும். நடுப்பகலில் விவரம் வந்து சேரும், நாலு மணிக்குள் முடித்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டவள் ஷைனி. கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு மீனவர் ஊர்க்காரி. அப்பா அருளப்பன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

அவள் ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. மாலை ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் மைக்கில் அறிவிப்பு வாசிப்பார்கள். காணாமல் போன ஆடு, ரேஷன் அரிசி, கடைசியாகக் கடல். அது முடிந்ததும் செபமாலை, பிறகு மைக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். முன்பொரு முறை இரண்டு கட்சிக்காரர்கள் மைக்கில் மாறி மாறித் திட்டி அடிதடியானதிலிருந்து, ஆறு மணி அறிவிப்பைத் தவிர வேறெதற்கும் திறப்பதில்லை என்று ஊர்க் கமிட்டி முடிவு. போனில் செய்தி அனுப்பலாமே என்பீர்கள். போனில் தினம் நாலு புரளி வருகிறது. ஒவ்வொன்றையும் நம்பினால் கடலுக்குப் போக முடியாது. கோயில் மைக்கில் வந்தால்தான் அது செய்தி. தாளில் கணக்கு இல்லாமல் பங்குச் சாமியும் வாசிக்கமாட்டார்.

இருபத்தொன்பது டிகிரி அந்தப் பன்னிரண்டைத்தான் முதலில் பிடித்தது. சூடு திரும்பி வரும் மூலையில் இருந்தவை, உழைப்பும் அதிகம். அளவுக்கு மேல் சுட்டால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பன்னிரண்டும் கூடிப் போடும் கணக்கு என்பதால், ஒன்று பிந்தினால் மற்றவை காத்து நிற்கும். நிற்கும்போதும் கரண்டு குடிக்கும். நாலு மணிக் கணக்கு ஐந்தானது, ஆறானது, ஏழரையானது. ஷைனி இரண்டு முறை வந்து முறையிட்டாள். ராஜசேகர் சார் அவளுக்குக் காபி கொடுத்து, திரையில் இலைகள் அசைவதைக் காட்டி அனுப்பினார்.

அடுத்த மாதம் கள்ளக்கடல் வந்தது. காற்றில்லாமல், மழையில்லாமல், எங்கோ தெற்கே எழுந்த அலை திடீரென்று கரையேறுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அன்றைய கணக்கு அதைச் சரியாகவே சொன்னது. ஆனால் ஏழரைக்குச் சொன்னது. மைக்குப் பெட்டி பூட்டியாகிவிட்டது. நாகர்கோவிலில் இருந்த ஷைனி வீட்டுக்குப் போன் போட்டாள். “மைக்கில ஒண்ணும் சொல்லல்லியே மோளே” என்று சொல்லிவிட்டு அப்பா படுத்துவிட்டார். விடியற்காலையில் கரையில் கிடந்த வள்ளங்களை அலை தூக்கியது. தன் வள்ளத்தைப் பிடிக்க ஓடிய அருளப்பனின் காலில் அதே வள்ளம் புரண்டது.

நான் பார்க்கப் போனேன். தொடைவரை கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்தேன் என்றதும் நாற்காலி போடச் சொன்னார், காப்பி கொடுக்கச் சொன்னார். போகும்போது பையில் நெத்திலிக் கருவாடு போட்டுக் கொடுத்தார்கள். இருபத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே கருவாட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ராஜசேகர் சாரைக் கோழை என்று சொல்ல எனக்கு அன்றிலிருந்து பாதி உரிமைதான் உண்டு.

மறுநாள் டிகிரியைக் குறைக்கவேண்டும் என்று அவரிடம் போய் நின்றேன். பச்சைச் சான்றிதழுக்கு ஆய்வுக்காரர்கள் வரப்போகிறார்கள், அது முடியட்டுமே என்றார்.

ஆய்வுக்காரர்கள் இரண்டு பேர் வந்த அன்று பகல் பன்னிரண்டரைக்கு ஷைனி போன் செய்தாள். தெற்கே மறுபடியும் பெரிய அலை எழுந்திருக்கிறது. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று கணக்கு முடிந்தால்தான் தெரியும்.

“அக்கா, ஆறு மணிக்கு முன்ன எனக்கு தாளு வேணும். போன தடவ எனக்க அப்பாவுக்க காலோட போச்சு. இந்தத் தடவ கரையில அறுபது வள்ளம் கெடக்கு” என்றாள்.

அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. படிவத்தில் எழுதினேன்: ‘இருபத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு. காரணம்: கடல்.’ கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது அநாதைக் கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். அலமாரிக்கு மேலே சூடு திரும்பும் வழியை அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ஒட்டி அடைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஹாலில் அத்தனை மாதத்துக்குப் பிறகு பேசினால் கேட்டது.

வரவேற்பறையில் எண் ஏறியது. இலைகள் நின்றுவிட்டன. ஆய்வுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். முதல் முறையாக ராஜசேகர் சார் ஹாலுக்குள் வந்தார். பளபளப்பான ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு நின்றார்.

“லில்லி மேடம், பழைய மாதிரி ஆக்கினா நல்லா இருக்குமே.”

“ஆக்குறேன் சார். எழுதித் தாருங்க” என்று படிவத்தை நீட்டினேன். பேனாவையும் திறந்து கொடுத்தேன்.

தாளைப் பார்த்தார். நான் எழுதியிருந்த ‘கடல்’ என்பதைப் பார்த்தார். பேனாவை வாங்கி, மூடி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவருடைய வீரம். எழுதாமலேயே ஆண்ட மனிதரை ஒரு பேனா ஹாலுக்கு வெளியே அனுப்பியது.

ஐந்து இருபதுக்குக் கணக்கு முடிந்து, தாள் ஊருக்குப் போனது. ஆறு மணிக்கு மைக்கில் வாசித்தார்கள். நள்ளிரவுக்குள் ஊரே சேர்ந்து அறுபது வள்ளங்களையும் கோயில் வளாகத்துக்குள் இழுத்து ஏற்றியது. விடியற்காலையில் கடல் வந்து, கரையில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது என்று ஷைனி சொன்னாள்.

அன்று மாலை மொத்த மீட்டரைப் பார்த்தேன். பல மாதங்களில் அவ்வளவு குறைவாக ஓடியதில்லை. ஆய்வுக்காரர் ஒருவரிடம் காட்டினேன். மொத்தத்துக்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை அம்மா என்றார், மரியாதையாகத்தான். மூன்று மாதச் சராசரியைப் பார்த்துச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மெமோ வந்தது. டிகிரியை மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை வேறொருவர் கையெழுத்து. கல்லூரிக்காரர்கள் பன்னிரண்டையும் கழற்றி, தங்கள் கட்டடத்தில் ஓர் அறையில் சாதாரண ஏசி போட்டு வைத்துக்கொண்டார்கள். அங்கே நாலு மணிக்கு முன்பே முடிகிறது.

சிக்கனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மலருக்காக எழுதிவிடுகிறேன். வேலையில்லாத கம்ப்யூட்டரை அணையுங்கள். சூட்டுக்காற்றை அடையுங்கள். அவசரமில்லாத வேலை மெதுவாக நடக்கட்டும், அவசர வேலை வேகமாக முடிந்து ஓயட்டும். எது அவசரம் என்று எண்ணைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். இதற்கு முந்நூறு படம் தேவையில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் அருளப்பன் அண்ணனைப் பார்க்கப் போனேன். கால் எலும்பு கூடிவிட்டது, முட்டி மடங்கவில்லை. கடலுக்குப் போக முடியாது. வலை முடைந்துகொண்டு, அந்தக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இந்த முறை சொல்லிவிட்டேன். டிகிரி, விசிறி, எண், ஏழரை மணி, என் கையெழுத்து, எல்லாம். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றுதான் போனேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசிவரை கேட்டார்.

“செரி தங்கச்சி. கரண்ட மிச்சம் பிடிக்கத்தானே செய்தீங்க. எவ்வளவு மிச்சமாச்சு?” என்று கேட்டார்.

“மிச்சம் ஒண்ணும் ஆகல்ல அண்ணே. கூடத்தான் செலவாச்சு.”

முடைந்துகொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பின்ன எதுக்கு?”

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் ஏசிப் பழகிய வாய் என்னுடையது. அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துவந்து, மலருக்கு இதோ எழுதித் தருகிறேன்.